கடல் பக்கம் காது கொடுக்கும் ஆண்டெனா

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், "வடகிழக்கு மூலைக் காலி இடத்தில் வானொலி ஆண்டெனா வைக்க அனுமதி கோரும் கடிதம்." அந்தக் கடிதம் என்னுடையது. செயலாளர் அதைப் படித்துவிட்டு, "சார், இதை அப்படியே வாசித்தால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. நீங்களே வந்து பேசிடுங்க" என்றார். அதனால் இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி, எனக்குப் பொழுதுபோக்கு. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி உரிமம் பெற்றுத்தான் இதைச் செய்ய முடியும். ஆகவே நான் கணக்குப் பிள்ளை பாணியிலேயே பேசுவேன். என்ன வரவு, என்ன செலவு, கடைசியில் கையில் என்ன நிற்கும், அவ்வளவுதான்.

எதற்கு இது?

"கையில் ஆளுக்கு ஒரு கைபேசி இருக்கும்போது இந்தக் கம்பியும் கழியும் எதற்கு?" என்று லிஃப்டில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரம் அருகில்தான் கரையைக் கடந்தது. அன்று இரவு முதலில் கரண்ட் போனது. அப்புறம் கைபேசியில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்ததை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். கைபேசி கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும், பேட்டரி வேண்டும், அதைப் பின்னால் இணைக்கும் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் போச்சு. ஹாம் வானொலிக்கு அந்தச் சங்கிலி கிடையாது. இங்கே ஒரு பெட்டி, ஒரு கார் பேட்டரி, ஒரு கம்பி. அங்கேயும் அதே. நடுவில் எதுவும் இல்லை.

2004 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அந்தமானில் நீண்ட காலமாக ஹாம் வானொலி இயங்க அனுமதி இல்லாமல் இருந்தது. பின்னர் அனுமதி கிடைத்து, அந்த மாதம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போன குழு அது. டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தீவின் மற்ற தொடர்புகள் சிதைந்துபோன நேரத்தில், பேச்சுப் போட்டி மாதிரி ஆரம்பித்த அந்த நிலையம் உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்தியைத் தாய்நாட்டுக்குக் கடத்தும் நிலையமாக மாறியது. இது எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி.

போர்ட் பிளேர் நமக்கு ஏறக்குறைய நேர் கிழக்கில், சுமார் 1,350 கிலோமீட்டரில் இருக்கிறது. நம் பால்கனியில் நின்று கடலைப் பார்த்தால் நீங்கள் அந்தமானைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கீழ் அலைவரிசைகளும் அவற்றின் தொல்லையும்

ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் பல. அதில் 160 மீட்டர், 80 மீட்டர் என்று சொல்லப்படுபவை கீழ் அலைவரிசைகள். அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ், 3.5 மெகாஹெர்ட்ஸ். நாம் பழைய ரேடியோவில் கேட்ட மீடியம் வேவுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை இரவுப் பறவைகள். பகலில் சூரிய ஒளியால் வானில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னேற்ற அடுக்கு உண்டாகி, இந்த அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கு மேலே இருக்கும் அடுக்கில் அலைகள் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். மீடியம் வேவில் ராத்திரி ஆனால் இலங்கை ஸ்டேஷன் கணீரென்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதிக அதிர்வெண் உள்ள அலைவரிசைகள் பல நேரம் இரவில் மூடிக்கொள்ளும். அப்போது கைகொடுப்பவை இந்தக் கீழ் அலைவரிசைகளே.

ஆனால் இவற்றில் பெரிய தொல்லை இரைச்சல். ஒன்று இயற்கை இரைச்சல். எங்கோ இடிக்கும் இடியும் மின்னலும் இதே அலைகளில்தான் படபடவென்று கேட்கும். நாம் வெப்பமண்டலத்தில் இருப்பதால் அது அதிகம். இன்னொன்று மனிதன் உண்டாக்கும் இரைச்சல். எல்.இ.டி. விளக்கின் டிரைவர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், லிஃப்ட் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சோலார் இன்வெர்ட்டர், தெருவில் உப்புக்காற்றில் அரித்துப்போன மின்கம்ப இன்சுலேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு ஓயாத சீறல்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு கடையில் தினம் ஒரு லட்சத்துக்கு வியாபாரம் என்றால் பெரிய கடை என்று சொல்லிவிட முடியுமா? செலவு 99,000 என்றால் கையில் நிற்பது ஆயிரம்தான். பக்கத்துக் கடையில் வியாபாரம் பத்தாயிரம், செலவு ஐயாயிரம். யார் லாபத்தில் இருக்கிறார்கள்? கீழ் அலைவரிசையில் கேட்பதும் அப்படித்தான். பெரிய ஆண்டெனா நிறைய சிக்னலைக் கொண்டுவரும். கூடவே நிறைய இரைச்சலையும் கொண்டுவரும். நமக்கு வேண்டியது சிக்னல் அதிகம் என்பதல்ல; இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு என்பதே. சிக்னல் மிகச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பெருக்கியை வைத்துத் தூக்கிவிடலாம். இரைச்சலில் மூழ்கிப்போனதை எந்தப் பெருக்கியாலும் மீட்க முடியாது.

அதனால் கீழ் அலைவரிசையில் அனுபவம் உள்ளவர்கள் அனுப்புவதற்கு ஒரு ஆண்டெனா, கேட்பதற்குத் தனியாக வேறு ஒரு ஆண்டெனா என்று வைத்துக்கொள்வார்கள். அனுப்பும் ஆண்டெனா என்னிடம் ஏற்கெனவே மொட்டைமாடியில் உங்கள் அனுமதியோடு இருக்கிறது. இப்போது நான் கேட்பது, கேட்பதற்கான ஆண்டெனாவுக்கு இடம்.

திசை பார்த்துக் கேட்பது எப்படி?

வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் சென்னை வானொலியை 720 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ரேடியோவை மேஜை மேல் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் சத்தம் சட்டென்று குறையும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி நிலையத்தைப் பார்க்கும்போது அது கேட்காது. பக்கவாட்டில் பார்க்கும்போது கேட்கும். அதாவது நம் வீட்டு ரேடியோவே ஒரு திசை ஆண்டெனாதான்.

ஆனால் அது முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும். கிழக்கைக் கேட்டால் மேற்கும் சேர்ந்து வரும். ஒரு பக்கம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் இரண்டு ஆண்டெனா வேண்டும்.

இரண்டு கழி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே, நடுவில் 20 மீட்டர். மேற்கிலிருந்து வரும் அலை முதலில் மேற்குக் கழியைத் தொட்டு, அப்புறம் கிழக்குக் கழிக்குப் போகும். அந்த 20 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? மேற்குக் கழியின் சிக்னலைக் கூடுதலாகக் கொஞ்சம் கேபிளில் சுற்றவிட்டு, அதே அளவு நேரம் தாமதப்படுத்துகிறோம். சாதாரண கோ-ஆக்சியல் கேபிளில் அலை வெளியில் போவதைவிட மெதுவாக, மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும். அதனால் 13 மீட்டர் கேபிளே போதும். இப்போது இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். மேற்கு மறைந்துவிட்டது.

கிழக்கிலிருந்து வரும் அலை? அது முதலில் கிழக்குக் கழியைத் தொடுகிறது. மேற்குக் கழிக்குத் தாமதமாகப் போகிறது. அங்கே கேபிளில் இன்னும் தாமதமாகிறது. இரண்டும் ஒத்துப்போகாது. கழித்தாலும் மிச்சம் நிற்கும். கிழக்கு கேட்கிறது. பற்றும் வரவும் ஒரே தேதியில் வந்தால் கணக்கு நேராகும். தேதி மாறினால் பாக்கி நிற்கும். திசை ஆண்டெனா வரிசையின் ரகசியம் முழுக்க இதுதான்.

இதை மிகப் பெரிய அளவில் நம் தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். ஊட்டி பக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துக்காகக் கோவிந்த் ஸ்வரூப் அவர்கள் தலைமையில் கட்டி 1970-இல் இயங்க ஆரம்பித்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் 1,056 டைபோல்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த இடத்தின் அட்ச ரேகை அளவுக்குச் சரிந்திருக்கும் மலைச்சரிவில் அதை வைத்ததால், கிழக்கு மேற்காக ஒரே அச்சில் திருப்பி வானத்தைப் பின்தொடர முடிகிறது. வடக்கு தெற்காகத் திசையை மாற்ற இரும்பைத் திருப்ப வேண்டாம். டைபோல்களுக்கு இடையே தாமதத்தை மாற்றினால் போதும். அவ்வளவு பெரிய அமைப்பு வானத்தைக் கேட்க மட்டும் கட்டப்பட்டது. நான் கேட்கும் மூலையும் கேட்பதற்கு மட்டும்தான்.

கடையில் இருக்கும் சரக்கு

சரி, எந்த வகையை வைப்பது? இதுதான் நான் பல மாதம் யோசித்த விஷயம். நம் வடகிழக்கு மூலை 60 அடிக்கு 100 அடி. 6,000 சதுர அடி, அதாவது இரண்டரை கிரவுண்டு. எல்லாத் தேர்வும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

முதல் வகை, பெவரேஜ் ஆண்டெனா. குடிக்கும் பானம் இல்லை. ஹாரல்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, தரையை ஒட்டி நீளமாக ஒரே கம்பி. அதன் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தரை இணைப்பு. அந்த ரெசிஸ்டர் இருக்கும் பக்கத்திலிருந்து வருவது நன்றாகக் கேட்கும். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊருக்கு அனுப்பினார்கள். அவர் குளிரில் கூடாரம் அடித்து, இப்படி நூற்றுக்கணக்கான அடி நீளக் கம்பியை இழுத்துக்கட்டி, அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். நூறு வருஷம் கழித்தும் இதற்கு மதிப்பு குறையவில்லை.

ஆனால் நமக்கு ஒத்துவராது. 160 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு அலைநீளம் என்றாலே 500 அடிக்கு மேல் கம்பி வேண்டும். நம் மனையில் அது கிடையாது. கடற்கரையில் இழுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அது நம் இடம் இல்லை; மீனவர்கள் படகு ஏற்றுவதும் வலை காயப்போடுவதும் அங்கேதான். தையிலிருந்து பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறும் மணலும் அதுதான். இன்னொரு விஷயம், பெவரேஜ் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத தரையின் மேல்தான் நன்றாக வேலை செய்யும். உப்பு நீர் ஊறிய மண் அதற்கு ஆகாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் என்று இருக்கும் நமக்கு அதில் நம்பிக்கை வைக்க முடியாது.

இரண்டாவது வகை, கழிகளின் வரிசை. நான் இப்போது சொன்ன இரண்டு கழிக் கணக்கை நான்காக்கி, சதுரமாக நட்டு, ஸ்விட்ச் போட்டால் நான்கு திசை கிடைக்கும். எட்டுக் கழியை வட்டமாக நட்டால் எட்டுத் திசை. ஒவ்வொன்றும் சுமார் 20 அடிதான். கேட்கும் திறனில் இவைதான் ராஜா. ஆனால் எட்டுக் கழி வட்டத்துக்கு 200 அடி விட்டம் என்று வைத்தாலே 13 கிரவுண்டு வேண்டும். நான்கு கழிச் சதுரத்தைக் கஷ்டப்பட்டுத் திணிக்கலாம். ஆனால் இரண்டு கழி காம்பவுண்டு சுவரை ஒட்டியும், ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலும் வரும். நான்கும் ஒரே மாதிரி சூழலில் இருந்தால்தான் கழித்தல் கணக்கு சரியாக வரும். இரும்பு வேலி ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கு கெட்டுவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரியும் சேரும்.

மூன்றாவது வகை, சின்ன வளையங்கள். 1997-இல் கேரி பிரீட் என்ற அமெரிக்க ஹாம் தன் அழைப்புக் குறியின் பெயரிலேயே கே9ஏஒய் என்ற வளையத்தை வெளியிட்டார். நடுவில் 25 அடிக் கழி ஒன்று. அதிலிருந்து 85 அடிக் கம்பி வளையமாக இறங்கும். அடியில் ரெசிஸ்டரும் தரை இணைப்பும். இரண்டு வளையத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ரிலே வைத்தால் நான்கு திசை. சுமார் 30 அடிக்கு 30 அடி இடம் போதும். இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பது கொடி வளையம். கொடி போலச் செவ்வகமாக, 29 அடி நீளம், 14 அடி உயரம். ஒரு பக்கச் செங்குத்துக் கம்பியில் கேபிள்; மறுபக்கத்தில் சுமார் 900 ஓம்ஸ் ரெசிஸ்டர். அந்த இரண்டு செங்குத்துக் கம்பிகளும்தான் நாம் பார்த்த இரண்டு கழிகள். பெவரேஜுக்கு நேர் எதிராக, இது ரெசிஸ்டர் இருக்கும் பக்கத்தைக் கேட்காது. கேபிள் இருக்கும் பக்கத்தைக் கேட்கும்.

நம் ஊர்க் கணக்கு

இந்த வகைகளை ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது. வேண்டிய திசையில் கேட்பது, எல்லாத் திசையிலும் சராசரியாகக் கேட்பதைவிட எத்தனை டெசிபல் அதிகம் என்பது. இதை "பெறும் திசைத்திறன்" என்று சொல்லலாம். டெசிபல் என்றால் பயப்பட வேண்டாம்: 3 என்றால் இரண்டு மடங்கு, 6 என்றால் நான்கு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு.

ஒற்றைக் கழிக்கு இது சுமார் 5. சின்ன வளையத்துக்கு ஏழுக்கு மேல். நான்கு கழிச் சதுரத்துக்குச் சுமார் 11. எட்டுக் கழி வட்டத்துக்குச் சுமார் 13. இதை மட்டும் பார்த்தால் வளையத்தால் வரும் லாபம் இரண்டு மடங்குகூட இல்லை. சதுரத்தால் நான்கு மடங்கு. புத்தகம் படித்தவர் யாரும் சதுரத்தைத்தான் சொல்வார்.

ஆனால் இந்த அளவுகோல் இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. நெம்மேலியில் அப்படியா? கிழக்கே வங்கக் கடல். அங்கே எல்.இ.டி. விளக்கு இல்லை, மின்கம்பம் இல்லை, லிஃப்ட் இல்லை. மனிதன் உண்டாக்கும் இரைச்சல் முழுக்க மேற்கே, ஈ.சி.ஆர். பக்கத்தில். கோடை மாலைகளில் உள்மாவட்டங்களில் இடிக்கும் இடியும் மேற்கே. நமக்கு முக்கியமான அந்தமான் கிழக்கே. இப்படி இரைச்சல் ஒரு பக்கமும் சிக்னல் எதிர்ப்பக்கமும் இருந்தால், சராசரி அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, முதுகுப் பக்கத்தை எவ்வளவு அடைக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். நன்றாகக் கட்டிய ஒரு சின்ன வளையமே முதுகுப் பக்கத்தில் 20 டெசிபல் அளவுக்கு அடைக்கும். அதாவது நூறில் ஒரு பங்கு.

இதைக் காகிதத்தில் மட்டும் விடவில்லை. செயலாளரிடம் சொல்லிவிட்டு, போன மாதம் ஒரு வாரம் அந்த மூலையில் நான்கு சவுக்குக் கழியை நட்டு ஒரு கொடி வளையம் கட்டிப் பார்த்தேன். துணி காயப்போடவா என்று நம் செக்யூரிட்டி அண்ணன் கேட்டார். இரவு ஒன்பது மணிக்கு 80 மீட்டரில், வளையம் மேற்கைப் பார்த்தபோது மீட்டரில் இரைச்சல் 9. கேபிளையும் ரெசிஸ்டரையும் இடம் மாற்றிக் கிழக்கைப் பார்க்கவிட்டபோது 6. அந்த மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். மூன்று படி என்றால் 18. ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. ஒரு வாரமும் ஒரு படி முன்னே பின்னே இப்படித்தான் இருந்தது.

ஆகவே நான் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டு கொடி வளையங்கள்: ஒன்று கிழக்கு மேற்காக, ஒன்று வடக்கு தெற்காக. முனையில் உள்ள ரிலே மூலம் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் திருப்பலாம். கே9ஏஒய்-ஐ விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் நம் மண். மேலே காய்ந்த மணல், கீழே உவர் நீர்; சித்திரையில் ஒரு மாதிரி, கார்த்திகையில் ஒரு மாதிரி. தரை இணைப்பை நம்பும் ஆண்டெனா மழைக்கு மழை குணம் மாறும். கொடி வளையத்துக்குத் தரை இணைப்பு வேண்டாம்.

இதனால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் மேலேயே இடி இடித்தால், கிழக்கைப் பார்க்கும் வளையம் அதையும் சேர்த்துத்தான் கேட்கும். நாகப்பட்டினம், கடலூர் போன்ற பக்கத்து ஊர்களின் சிக்னல் 80 மீட்டரில் நம் தலைக்கு மேலிருந்து இறங்குவது போல வரும். அதற்குத் தாழ்வாகக் கட்டிய சாதாரண டைபோலே போதும், வளையம் உதவாது. சாய்வாக, தூரத்திலிருந்து வருவதற்குத்தான் இது.

உங்கள் கவலைகள்

கதிர்வீச்சு: கேட்கும் ஆண்டெனா எதையும் வெளியே அனுப்பாது. நான் அனுப்பும்போது ரிலே அதை முழுதாகத் துண்டித்துவிடும்.

இடி: கேபிள் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் தரை இணைப்போடு மின்னல் தடுப்பான் இருக்கும். இடி மழை வந்தால் கேபிளைக் கழற்றி வெளியே வைத்துவிடுவேன். கழிகள் 21 அடி. நம் கட்டிடத்தைவிடவும் பக்கத்துத் தென்னையைவிடவும் தாழ்வு.

குழந்தைகள்: கீழ்க் கம்பி தரையிலிருந்து ஏழு அடி. ஓடி விளையாடலாம், கழுத்தில் சிக்காது. கழிகளை இழுத்துக்கட்டும் கயிறுகளுக்கு மஞ்சள் குழாய் மாட்டுவேன். கேபிள் மண்ணுக்குள் போகும்.

உப்புக்காற்று: துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட்டு, தண்ணீர் புகாத பெட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் ரப்பர் டேப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சரி செய்வேன். புயல் எச்சரிக்கை வந்தால், கம்பிகளை இறக்கவும் புயல் கடந்த பின் ஏற்றவும் இரண்டு பேர் ஒரு மணி நேரம் போதும்.

பணம்: சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அந்த இடம் வேறு எதற்காவது தேவைப்பட்டால் ஒரு மாத அவகாசத்தில் எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்

எவ்வளவு நல்ல ஆண்டெனாவும் தன் காலடியில் இருக்கும் இரைச்சலைத் தடுக்க முடியாது. கட்டிடத்தின் ஒயரிங் முழுக்கப் பரவியிருக்கும் சீறலுக்குத் திசை கிடையாது. அதை மூலத்தில்தான் நிறுத்த வேண்டும். மீடியம் வேவ் வரும் சின்ன ரேடியோ இருந்தால், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எந்த விளக்குக்கு, எந்த சார்ஜருக்குப் பக்கத்தில் போகும்போது உறுமுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் வடிகட்டி இல்லாத மலிவு டிரைவராகவோ, ஆயுள் முடியப்போகும் அடாப்டராகவோ இருக்கும். அப்படி உறுமுவதில் சில சூடேறிக் கெட்டுப்போகும் நிலையிலும் இருக்கும். சொன்னால் நானே வந்து ஃபெரைட் வளையம் மாட்டித் தருகிறேன். பொதுவழி விளக்குகளை அடுத்த முறை மாற்றும்போது, வாங்குவதற்கு முன் ஒரு விளக்கை இந்த ரேடியோ சோதனைக்கு உட்படுத்துமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஒரு ஆள் மட்டும் தெரிந்துவைத்திருக்கும் கலை அவசரத்துக்கு உதவாது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. புயல் வரும் இரவில் நான் ஊரில் இல்லாமலும் போகலாம். தேர்வு எழுத விரும்பும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை மாலைகளில் கிளப் அறையில் பாடம் எடுக்கத் தயாராக இருக்கிறேன். பாடம் கடினம் இல்லை. பி.காம். படித்தவனுக்கே வந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கழிகளை நட்டு ஒரு மாதமாவது கேட்டுப் பார்த்தால்தான் அந்தமான் பக்கம் எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் நன்றாக வருகிறது என்று ஒரு அட்டவணை போட முடியும். புயல் வந்த பிறகு அட்டவணை போட முடியாது. அதனால் இன்றே வாக்கெடுப்பு நடத்தி, சரியோ வேண்டாமோ, ஒரு முடிவு சொல்லிவிடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்றாலும் ஃபெரைட் வளையமும் சனிக்கிழமைப் பாடமும் உண்டு.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.